சம்பந்தியின் பந்து

உங்கள் கோல்ஃப் கிளப்பில் தே தாரிக் டீ நன்றாகத்தான் ஆற்றிப் போடுகிறார்கள். விசாரணை என்று கூப்பிட்டுவிட்டு உட்கார வைத்துக் குடிக்கவும் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். ஏரிக்கரையில் யாரோ கல்யாண ஜோடியைப் படம் பிடித்த ட்ரோன் கேமராவில் நானும் பதிவாகிவிட்டேனாம். போட்டுக் காட்ட வேண்டாம், நானே சொல்கிறேன்.

சிவேந்திரன் என் சம்பந்தி. அவர் மகள் ஜனகாவை என் மகன் பிரவின் கட்டப்போகிற வாரம் அது. கிள்ளானில் மண்டபம் பிடித்து, பத்திரிகை கொடுத்து, இரண்டு வீடும் அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. "மூளை சூடாயிருச்சு சம்பந்தி, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருவோம் லா" என்றார். வந்தோம். தூங்குமூஞ்சி மரங்களின் நிழல், வெட்டிவிட்ட புல், ஏரியில் தன் பாட்டுக்கு நீந்திப் போகும் உடும்பு. தப்பான எண்ணமே வராத இடம்.

ஏரியைத் தாண்டி அடிக்கிற குழிக்கு வந்தபோதுதான் அவர் அந்த வேண்டுதலைச் சொன்னார். ஒரே அடியில் பந்து குழிக்குள் விழுந்தால் பத்துமலையில் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டியிருக்கிறாராம். இருபது வருஷமாக. அப்படி அடித்தவர்களின் பெயரைத் தங்க எழுத்தில் மாட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பலகையை ஒவ்வொரு தடவையும் நின்று பார்ப்பார், பாவம். நானும் பார்ப்பேன். ஆனால் நிற்க மாட்டேன், நடந்துகொண்டே பார்ப்பேன்.

அவர் அடித்தார், நானும் அடித்தேன். இரண்டு பந்தும் மேட்டுக்கு அப்பால் மறைந்தன. அந்த நேரம் பார்த்துப் பூக்காரர் போன் செய்தார். மாலை விஷயமாகச் சம்பந்தி அவரைப் பிடித்து ஏசிக்கொண்டிருக்க, நான் பக்கி வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். என் பந்து மணல் பள்ளத்தில் புதைந்து கிடந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அவர் பந்து. அடையாளத்துக்கு விபூதிப் பட்டை மாதிரி மூன்று கோடு போட்டு வைத்திருப்பார்.

நீங்களே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் மொட்டைத் தலையோடு மணவறையில் நின்றால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்றுதானே? போட்டோவில் காலத்துக்கும் நிற்குமே. பிள்ளைகளை நினைத்துத்தான் பந்தை எடுத்தேன். எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது, ஏரியில் போட்டேன்.

அதோடு வந்திருப்பேன். ஆனால் கல்யாண நேரத்தில் குழி வெறுமனே கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மணலிலிருந்து என் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, உள்ளே வைத்தேன்.

சம்பந்தி வந்து தன் பந்தைப் புல் புல்லாகத் தேடினார். "ஏரியில கெடக்கும்னு நெனக்கிறேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அப்புறம்தான் குழியைப் பார்த்தார்.

"சம்பந்தி, உங்க பந்து உள்ள கெடக்கு லா. சத்தியமா உள்ள கெடக்கு" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சாட்சிக் கையெழுத்தும் அவரே போட்டார். ஒரே அடியில் போட்டவர்தான் செலவு செய்ய வேண்டும் என்ற வழக்கப்படி அன்றைக்குக் கிளப்பில் இருந்த அத்தனை பேருக்கும் நான் விருந்து வைத்தேன். அதை மட்டும் யாரும் பேச மாட்டீர்கள்.

மறுநாள் சம்பந்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை பளபளவென்று மொட்டை, அதில் சந்தனம்.

"உங்களுக்கு விழுந்தா என்ன, எனக்கு விழுந்தா என்ன? ஒரே குடும்பம்தானே. முருகன் குடுத்துட்டாரு, நான் செலுத்திட்டேன்" என்றார்.

அந்தத் தலையோடுதான் மகளைத் தாரை வார்த்தார். யார் தவறிப்போனது என்று வந்தவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அடுத்த வாரம் பலகையில் என் பெயரைப் பார்த்ததும் வயிறு சரியாகிவிட்டது.

இப்போது அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடப்போகிறோம் என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. அவர் பந்தை எடுத்தவன் நான், ஏரியில் எறிந்தவன் நான், என்னுடையதை வைத்தவனும் நான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். பலகையை மட்டும் தொடாதீர்கள். இருபது வருஷம் காத்திருந்த மனிதர், தெரிந்தால் தாங்க மாட்டார். அடுத்தவர் மனம் நோக நடந்து எனக்குப் பழக்கமில்லை.