மாமன் பையில் வெள்ளி டம்ளர்

– ஏனுங் டீச்சர், சண்டே கிளாஸ்ல புள்ளைங்களுக்கு மன்னிக்கக் கத்துக் குடுக்கறீங்களா, பொய் சொல்லக் கத்துக் குடுக்கறீங்களா?

– ஸ்தோத்திரம் மோகனப்பிரியா. முதல்ல உக்காருங்க. பிரவீனா, நீ ஏம்மா அழறே?

– நான் அழலைங் மிஸ். அம்மா காதத் திருகுனாங்க, கண்ணுல தண்ணி வருது.

– பாத்தீங்களா வாய! எந்தம்பி யோகேஷ் இருக்கானில்லீங்களா? என் தாலிக்கொடியத் தூக்கிட்டு ஓடுனானே, அவந்தான். இத்தன வருசங்கழிச்சு, ‘இயேசு என்னத் தொட்டுட்டாருக்கா’ன்னு வந்து வாசல்ல நின்னான்.

– தெரியுமே. சபையில சாட்சி சொன்னாரு. பாதிப் பேர் அழுதோம்.

– நீங்க அழுவீங்க. போனது என் கொடியுங்க! செரின்னு சோறு போட்டு ஊட்டுலயும் படுக்க வுட்டேன். சங்ககிரில லாரி வேல கெடச்சிருக்குன்னு இன்னிக்குக் காத்தால கெளம்புனான். எதேச்சையா அவம் பையத் தொறந்து பாத்தனுங்…

– எதேச்சையாவா?

– செரி, வேணும்னேதான் பாத்தேன். உள்ள எங்க ஊட்டு வெள்ளி டம்ளர்!

– ஐயோ! அவர் என்ன சொன்னார்?

– ‘ஆமாக்கா, நாந்தான் எடுத்தேன்’னான். கொஞ்சமாச்சும் கூசணுமே! தொடப்பத்தால ரெண்டு வெச்சுத் தொரத்திவுட்டேன். இயேசு தொட்டப்ப அவங் கைய மட்டும் வுட்டுட்டாராட்ட இருக்குது.

– மோகனா!

– இப்ப என்னடான்னா இவ, ‘டம்ளர நாந்தாம்மா மாமா பையில வெச்சேன்’ங்கறா. திருடனுக்குப் பரிஞ்சுக்கிட்டு பொய்! எல்லாம் நீங்க நடத்துன பாடம்.

– பிரவீனா, என்னைப் பாரு. நிஜமாவே நீதான் வெச்சியா?

– ஆமாங் மிஸ். நீங்கதான சொன்னீங்க.

– நானா!

– போன வாரம் யோசேப்பு கத சொன்னீங்களே. அண்ணனுங்க அவரக் குழியில தள்ளி வித்துட்டாங்க. அவரு பெரிய ஆபீசரானதுக்கப்புறம் கோதும வேணும்னு வந்து நின்னாங்க. அவரு ஒடனே மன்னிச்சாரா? தம்பி சாக்குல வெள்ளிக் கிண்ணத்த ஒளிச்சு வெச்சு, மனசு மாறிட்டாங்களான்னு டெஸ்ட் பண்ணாரில்ல?

– கர்த்தாவே…

– இதெல்லாமுங்களா வேதத்துல இருக்குது?

– இருக்கு. ஆதியாகமத்துல. ஆனா அதை வீட்ல செஞ்சு பாக்கக் கூடாதும்மா.

– அத நீங்க சொல்லலைங் மிஸ்.

– அட, வெச்சவ நீன்னா அவன் எதுக்குடி ஒத்துக்கறான்? எடுக்காதவன் எடுத்தேம்பானா? அப்ப வேற எதையோ எடுத்திருக்கான்!

– இல்லீங்ம்மா. நான் டம்ளர வெக்கறப்பவே மாமா குளிச்சுட்டு வந்து கதவோரம் நின்னு பாத்துட்டாரு. என்னன்னு கேக்க வந்தாரு, அதுக்குள்ள நீங்க வந்து பையப் புடுங்கிட்டீங்க.

– பாத்துட்டுமா வாய மூடிட்டு அடி வாங்குனான்? நீயாச்சும் அப்பவே சொல்றதுக்கென்ன?

– சொல்லத்தாம்மா வாயத் தொறந்தேன். நீங்க தொடப்பம் எடுக்கப் போனீங்கல்ல, அப்ப மாமா குனிஞ்சு எங்காதுல சொன்னாரு: ‘பேசாம இரு சாமி. திருடன்னு பேரு வாங்கி எனக்குப் பழகிப்போச்சு. நீ தாங்க மாட்டே.’