பதினோராவது பெயர்

எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்பில் ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருக்கும், டாக்டர். கால்பந்துக் கிளப்புகளுக்குப் பையன்களைத் தேடுகிறவர்கள் வந்தபோதும் அப்படித்தான். ஒருவனை எடுப்பதற்கு முன் அவன் வளர்ந்த வீட்டைப் பார்த்துவிடுவது அவர்கள் வழக்கம்.

என் பையன் லாக்லன் எப்போதிலிருந்து படுக்கையை விட்டு எழுவதில்லை என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

கிளப்புகள் வருஷாவருஷம் முறை வைத்துப் புதுப் பையன்களின் பெயரைச் சொல்லி எடுப்பதுதான் டிராஃப்ட். அதில் எந்தக் கிளப் பெயரைச் சொல்கிறதோ அந்த ஊருக்குப் பையன் போயாக வேண்டும். நாட்டின் மறுகோடியில் இருக்கிற பெர்த் என்றாலும் பெர்த்தான். தோற்றுக் கடைசியில் நின்ற கிளப்புக்கு முதல் பெயர். எங்கள் மெல்பர்ன் கிளப்புக்குப் பதினோராவதுதான்.

என் கொழுந்தன் டெஸ்ஸும் பக்கத்து வீட்டு மெர்வும் என் சமையலறையில் இதையே பேசுவார்கள்.

"இத்தனை வருஷம் தோத்துட்டு, இந்த வருஷமா பாத்து ஜெயிச்சுத் தொலைக்கணும்? நம்ம முறை வர்றதுக்குள்ள லாக்லனை எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்" என்பார் டெஸ்.

"உங்க கிளப் மூஞ்சிக்கு அவன் வேற கேக்குதா?" மெர்வ் வேறு கிளப்பின் ரசிகர்.

"பீரைக் குடிச்சிட்டு வாயை மூடுடா. அண்ணி, நீங்க சொல்லுங்க. அண்ணன் உயிரா இருந்த கிளப்புல அவன் ஆட வேணாமா?"

நான் சிரித்தபடி உருளைக்கிழங்கைப் பரிமாறினேன். கணவர் போன பிறகு அந்த வீட்டில் நானும் லாக்லனும்தான். அவன் அப்பாவின் கிளப்பில் ஆட வேண்டும், இரவு என் வீட்டில் தூங்க வேண்டும். பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றக் கிளப்காரர்கள் வந்தபோது, லாக்லன் நாயோடு தோட்டத்துக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க அப்பா செத்ததுலேருந்து சில நாள் எழுந்திரிக்கவே மாட்டான். தூரமா அனுப்பினா என்ன பண்ணிக்குவானோன்னு பயமா இருக்கு. நான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிய வேணாம்" என்றேன்.

விடியுமுன் ஓடப் போகிற பையனைப் பற்றி அப்படிச் சொன்னேன். பெற்றவள் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

எங்கள் கிளப்பின் ஆள் இரண்டு தட்டு சாப்பிட்டார். "அவனைப் பத்தி எங்ககிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா, மோரின்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்லையே" என்றேன்.

அந்த ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை. விஷயம் அவர் காதுக்கு முன்பே வந்திருந்தது. நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

டிராஃப்ட் அன்று எல்லோரும் கிளப் நிறத்தில் துண்டு போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பதினோராவது பெயர் வேறு யாரோ. கடைசிப் பெயர்வரை லாக்லன் இல்லை. மெர்வ்கூடக் கேலி செய்யவில்லை.

"எங்கிட்ட என்னம்மா குறை?" என்றான் லாக்லன்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் அவன் ஓடப் போகவில்லை. பிறகு எழுவதையும் விட்டுவிட்டான். உங்கள் மருந்துச் சீட்டை வாங்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது.

சீசன் நடுவில் இன்னொரு டிராஃப்ட் உண்டு. நேற்று பெர்த் கிளப்பிலிருந்து கூப்பிட்டு, இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள்.

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை, டாக்டர். எழுந்திரிக்கவே மாட்டேங்கிறான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.