இரண்டு மணிக்கு டாக்டர்

எனக்கு நேரம் தவறுவது பிடிக்காது. முப்பத்தெட்டு வருடம் நெதர்லாந்தின் ஸ்வோலே ரயில் நிலையத்தில் கால அட்டவணை போட்டவன். வீட்டுக்கு யாராவது ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் காபி கொடுப்பேன், பிஸ்கட் டப்பாவை மட்டும் திறக்க மாட்டேன். என் மனைவி சீட்ஸ்கே இதைச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைப்பாள்.

அவளுடைய மரணத்தில் டாக்டர் ஹெஸ்டர் மீது தவறில்லை என்று, கருணைக்கொலைகளை விசாரிக்கும் உங்கள் குழு எழுதிய கடிதம் கிடைத்தது. சரிதான். நீங்கள் என்னை எதுவும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மறதி நோய் என்று தெரிந்ததுமே அவள் எழுதிக் கொடுத்தாள். "என் கணவர் வீபே யாரென்று எனக்குத் தெரியாமல் போனால் என் உயிரை முடித்துவிடுங்கள். அப்போது என்னால் கேட்க முடியாது, இந்தக் காகிதம் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்." சட்டம் இதற்கு இடம் தருகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "உன்னை மறக்க நோய் வேற வேணுமா? எத்தனையோ நாள் சும்மாவே முயற்சி பண்ணியிருக்கேன்" என்றாள்.

நான்கு வருடத்தில் மறந்தே போனாள். முதியோர் இல்லத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பக்கத்து அறை ஹார்மன் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுவாள். ஒரு நாள் அந்த ஆளிடம் என்னைக் காட்டி, "இந்த சார் செவ்வாய்க்கிழமை ஆனா வந்துடுவாரு. பாவம், யாருமில்ல போல" என்றாள். நானும் தலையாட்டினேன், பெரிய மானஸ்தன். அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்து காகிதத்தை நினைவுபடுத்தினேன். ஹார்மனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டாக்டர் வந்து பொறுமையாகக் கேட்டார்.

"சீட்ஸ்கே, சாகணும்னு தோணுதா?"

"ஐயையே, இன்னிக்கா? மத்தியானம் பான்கேக் போடறாங்களே."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது அவ பேசல டாக்டர், நோய் பேசுது" என்றேன். பஸ்ஸில் வரும்போதே தயார் செய்த வாக்கியம். சட்டப்படி கருத்துச் சொல்ல வந்த இரண்டாவது டாக்டரிடமும் அதையே சொன்னேன், இன்னும் நன்றாக வந்தது. வியாழக்கிழமை இரண்டு மணி என்று முடிவானது.

எங்கள் மகள் நீன்கே கனடாவிலிருந்து விடுப்பு எடுத்து வந்தாள். வியாழக்கிழமை காலை இல்லத்தின் கீழ்க் கூடத்தில் உறவினர்கள், சூப், ரொட்டி. பதினோரு மணிக்கு நான் தனியாக சீட்ஸ்கேவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி என் சட்டையைப் பார்த்தாள்.

"வீபே, பட்டனை மாத்திப் போட்டிருக்க பாரு. இந்த வயசிலயும் நீ திருந்தலையே."

அவளே கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இன்னிக்கு யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு டாக்டர் வர்றாங்க."

"லேட்டா வந்தா பிஸ்கட் கிடையாதுன்னு சொல்லிடு." அவளே சிரித்தாள்.

டாக்டர் ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். வாசலிலேயே கேட்டார், "இன்னிக்கு உங்களை அடையாளம் தெரிஞ்சுதா?"

"இல்லை" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். தள்ளிப்போட்டால் டாக்டருக்கு அடுத்து ஆறு வாரம் கழித்துத்தான் நேரம். நீன்கேயின் விமானம் ஞாயிற்றுக்கிழமை. சீட்ஸ்கேவும் நாலு மணிக்குள் என்னை மறுபடி மறந்திருப்பாள், ஐந்து மணிக்கு ஹார்மனைத் தேடியிருப்பாள். ஒரு பெண்டாட்டி இரண்டு தடவை மறக்கிற அளவுக்கு நான் அப்படி என்ன செய்துவிட்டேன்?

ஊசியைப் பார்த்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். டாக்டர் உடனே நிறுத்திவிட்டார், இந்த நிலையில் குத்த மாட்டேன் என்றார். நான் குனிந்து அவள் காதில், யாருக்கும் கேட்காமல், "நான்தான் வீபே, ஒண்ணுமில்ல, கையை நீட்டு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு நீட்டினாள். அறிமுகமில்லாத ஆள் சொல்லியிருந்தால் நீட்டியிருக்க மாட்டாள்.