இருபது அடி வேலிக் கம்பி

பெயர்: குணசுந்தரி. வயது: 57. கணவர் பெயர்: துரை (காலமானார்). தொழில்: பால் வியாபாரம். மதம்: பௌத்தம் (முதலில் வேறாக எழுதப்பட்டது, நான் சொல்லி அடித்துத் திருத்தப்பட்டது). விலாசம்: ஸ்கெலட்டன் லைன், கோலார் தங்க வயல். நாள்: 21.10.2024, திங்கட்கிழமை, காலை மணி 11.

நான் மேற்படி விலாசத்தில் பிறந்து, அதே தொழிலாளர் குடியிருப்பு லைனில் வாழ்க்கைப்பட்டு, இன்றுவரை அங்கேயே குடியிருக்கிறேன். எனக்குக் கன்னடம் தெரியும். ஆனால் வழக்கு என் மேல் என்பதால் என் பாஷையில் எழுதச் சொன்னேன், அப்படியே எழுதப்படுகிறது. மூடிய சுரங்க இடத்தைக் காவல் காக்க ஒப்பந்தம் எடுத்திருக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அத்துமீறி நுழைந்து, வேலியை வெட்டி, இருபது அடிக் கம்பியைத் திருடிப் போனதாக அதில் என் பெயர் இருக்கிறது. நுழைந்தேன், வெட்டினேன், கம்பியையும் எடுத்தேன். திருடவில்லை. அது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

என்னிடம் இரண்டு கறவை மாடுகள் உள்ளன. பெரியதன் பெயர் மேஸ்திரி. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாருக்கும் முன்னால் நடந்து அதிகாரம் பண்ணும் என்பதால் என் கணவர் வைத்த பெயர் அது. இப்போது எட்டு மாதச் சினை. மழைக்குப் பிறகு, சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டின் அடியில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், அதை நக்க மாடுகள் உயிரை விடும். சில மாடுகள் உண்மையாகவே உயிரை விட்டிருக்கின்றன. அதனால் நான் என் மாடுகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. ஆகஸ்டு மாதம் கம்பெனிக்காரர்கள் வேலி போட்டபோது, நல்லது, மாடு போகாது என்று சந்தோஷப்பட்டவள் நான். ஆனால் சாக்கடை வரும் இடத்தில் வேலியை முடிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சந்து எனக்குத் தெரியாது, மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது.

கடந்த 17-ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடுகளை அவிழ்த்துவிட்டேன். பத்து மணிக்குச் சின்ன மாடு மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. அதன் பிறகு நான் தேடிப் போய், வேலிக்கு உள்ளே மேஸ்திரி பின்னங்கால் இரண்டும் தொடைவரை மண்ணில் புதைந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். கீழே சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுத்த மரங்கள் இற்றுப்போய் மேல்மண் உட்காருவது எங்கள் ஊரில் புதிதல்ல. மாடு கத்தவில்லை. கத்தாமல் என்னைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு நான் கேட்டுக்கு ஓடி, காவலில் இருந்த டைட்டஸ் என்பவரிடம் சொன்னேன். இவர் எங்கள் லைன்காரர், தினமும் என்னிடம் அரை லிட்டர் பால் வாங்குபவர். அவர் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். கடிதம் எழுதி ஆபீசில் கொடுத்தால் நாளை ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது. சினை மாட்டுக்கு நாளை என்பது என்ன கணக்கு என்று கேட்டேன். அதற்கு டைட்டஸ், "அக்கா, கேட்ட தொறந்தா எனக்கு வேல போயிடும். வேலி நீளமாத்தான் கீது, எல்லாத்தையும் நான் ஒருத்தன் பாக்க முடியுமா?" என்றார். அவர் கேட்டைத் திறக்கவில்லை, காவலை விட்டு நகரவும் இல்லை. அவர் மேல் எந்தக் குற்றமும் கிடையாது என்பதை இங்கே தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நான் எங்கள் லைனில் இருக்கும் ராஜேந்திரன், வயது 67, என்பவரை அழைத்துக்கொண்டு, மாட்டுக்கு நேராக இருக்கும் வேலிப் பக்கம் போனேன். இவர் சுரங்கம் மூடும்வரை இருபத்திரண்டு வருடம் கீழே முட்டு மரம் கட்டிய வேலைக்காரர். இப்போது நெஞ்சில் தூசி, பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். கட்டிங் பிளேயரால் வேலியை வெட்டியது நான் மட்டுமே. வெட்டி முடித்ததும் ராஜேந்திரன் தன் பழைய பித்தளை டோக்கனை எடுத்து வேலிக் கல்லில் மாட்டினார். கீழே இறங்குகிறவன் டோக்கனை மேலே விட்டுப் போவது சுரங்க வழக்கம், ஆள் திரும்பாவிட்டால் அதை வைத்துத்தான் தேடுவார்கள். திரும்பும் அவசரத்தில் அதை எடுக்க மறந்தோம். சூப்பர்வைசர் அதிலிருந்த 2316 என்ற நம்பரை விசாரித்து எங்களைப் பிடித்திருக்கிறார். திருடப் போகிறவர்கள் வாசலில் பெயர் எழுதி வைத்துவிட்டா போவார்கள்? இந்தப் புத்தி எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு.

அதன் பிறகு ராஜேந்திரன் இரும்புப் பாரால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் போனார். கீழே ஒவ்வொரு ஷிப்டிலும் வேலை தொடங்குமுன் தலைக்கு மேல் இருக்கும் பாறையை இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டி என்றால் கணீரென்று கேட்கும், உள்ளே வெற்றிடமாக, பொக்கை என்றால் தொம்மென்று கேட்கும். பொக்கை கேட்ட இடத்தில் எல்லாம் அவர் கையோடு கொண்டுவந்த சுண்ணாம்புத் தூள் போட்டார், அதில் கால் வைக்காமல் நாங்கள் நடந்தோம். புகாரில் இதை, சுண்ணாம்பால் கோலம் போட்டு மாந்திரீகம் செய்து தங்கம் தேடியதாக எழுதியிருக்கிறார்கள். தங்கம் எங்கே இருந்தது, எப்போது தீர்ந்தது என்று ராஜேந்திரனுக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு பலகைகளைப் போட்டு, மண்ணைத் தோண்டி, கயிறு கட்டி, பகல் ஒன்றரை மணிக்கு மாட்டை வெளியே இழுத்தோம். லைனிலிருந்து நான்கு பேர் கயிறு இழுத்தார்கள். அவர்கள் பெயரை இங்கே ஸ்டேஷனில் என்னிடம் கேட்டார்கள். நான் மாட்டின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மனிதர் முகத்தைக் கவனிக்கவில்லை. மாடு எழுந்து நின்றது. வயிற்றில் கை வைத்தேன், கன்று உதைத்தது. அப்போது அழுதேன், அதையும் எழுதலாம்.

இத்துடன் முடிந்திருந்தால் கம்பியை அங்கேயே கட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் ராஜேந்திரன் பாரால் தட்டுவதை நிறுத்தவில்லை. மாடு விழுந்த குழியிலிருந்து பொக்கை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். அது சுரங்கத்தின் பக்கம் போகவில்லை. வேலிக்கு அடியில் நுழைந்து, வெளியே வந்து, நாங்கள் ரயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே படுத்திருந்தது. பெங்களூர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் விடியற்காலை இருட்டில் ஓடும் பாதை அது. அவர் மூச்சு வாங்க நின்று, "இன்னாம்மா இது, கெட்டி மண்ண உள்ள வெச்சி வேலி போட்டுட்டு, பொக்கைய நம்ம பக்கம் வுட்டுக்கீறானுங்க" என்றார்.

அதன் பிறகு நான் வெட்டிய கம்பியைச் சுருட்டி எடுத்துவந்து, நான்கு கல் நட்டு, அந்தப் பொக்கையைச் சுற்றிக் கட்டினேன். வேலியில் விட்ட ஓட்டையை முள்ளும் பலகையும் வைத்து அடைத்தேன், சாக்கடை ஓரத்து இடைவெளியையும் சேர்த்து. ரயிலுக்கு இருநூறு அடி சுற்ற வேண்டியிருக்கிறது என்று லைனில் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

கம்பியைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாகக் கம்பெனி சொல்கிறது என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா எனக்கு விளக்கினார். இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், பால் ஊற்ற ஆள் இருக்காது, யோசித்துச் சொல் என்றார். யோசித்துத்தான் வந்திருக்கிறேன். வெட்டிய வேலிக்கு அபராதம் போட்டால் கட்டுகிறேன். மன்னிப்பு எழுதித் தரமாட்டேன். கம்பியை அவிழ்க்க மாட்டேன், அவிழ்க்கவும் விடமாட்டேன். ராஜேந்திரனை விசாரிக்க வேண்டுமென்றால் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், அவர் டோக்கனையும் அப்போது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். கடந்த 19-ஆம் தேதி சனிக்கிழமை இந்த ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் அந்தக் கம்பியை மீட்க வந்தார். நான் தடுக்கவில்லை, சண்டை போடவில்லை. பாரை அவர் கையில் கொடுத்து, முதலில் நிற்கும் இடத்தில் தட்டுங்கள், பிறகு நான் கட்டிய கம்பிக்குள் கை நீட்டித் தட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். இரண்டு இடத்திலும் தட்டினார். அதன் பிறகு அவர் கம்பியைத் தொடாமல், முடிச்சு தளர்ந்திருந்த ஒரு கல்லில் தானே இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். ஏன் எடுக்கவில்லை என்று அவரிடமும் ஒரு வாக்குமூலம் வாங்கி இத்துடன் சேர்க்க வேண்டும்.

எழுதியதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேரவில்லை. அத்தனையும் உண்மை, யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்)
து. குணசுந்தரி