இட்லி குண்டான் போட்ட பூட்டு

லாஸ்பேட்டை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வைபை பாஸ்வேர்ட எத்தன வாட்டி மாத்தினாலும் எம்புள்ள கண்டுபுடிச்சிடறான்க்கா," என்றாள் இளையவள்.

"பாஸ்வேர்டுலாம் எதுக்கு? நான் ரவுட்டர் மேல இட்லி குண்டான கவுத்துடுவேன்," என்றாள் மூத்தவள்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பிவிட்டேன்.

"அலுமினியம் பாரு, மாடி ரூமுக்கு சிக்னலே போவாது. எம்பொண்ணு தானா சாப்புட கீழ எறங்கி வந்துடும்."

"ரவுட்டர் சூடாவாதா?"

"சாப்புடற நேரத்துக்கு மட்டுந்தான் மூடறேன்."

"அப்ப இட்லி ஊத்தணும்னா?"

"குண்டான் அடுப்புக்குப் போயிடும், மாடியில ஃபுல் சிக்னல். அதான் இப்பல்லாம் எம்பொண்ணு தெனம் இட்லி கேக்குது."

சாரம் ஸ்டாப் வந்தது. மூத்தவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் தோசைதான் சுடறேன்."