அழிக்கச் சொன்ன பதினொரு வரிகள்

மருத்துவமனைப் பதிவறையின் மாறாத மனச்சாட்சியே! எண்களின் அடர்ந்த இருட்டில் எங்கள் கண்களுக்கு ஒளி கொடுத்த அக்காவே! இருபத்தொன்பது ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் தங்களை வாழ்த்தவே இம்மடலை எழுதத் தொடங்கினோம். ஆனால் வாழ்த்தை முந்திக்கொண்டு கோபம் வருகிறது. ஆகவே தாங்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தங்களுக்கு நேர்ந்ததை இந்த அவைக்கு முதலில் சொல்லிவிடுகிறோம். பொறுத்தருள்க.

அவையோரே, அக்காவின் அறைக்குச் சன்னல் கிடையாது. ஏசியிலிருந்து சொட்டும் நீருக்கு ஒரு வாளி, கோப்பு அலமாரிகள் நான்கு, நடுவே ஒரு மேசைக் கணினி. மூன்று ஸ்கேன் அறைகளிலும் அன்றன்று எடுத்த படங்களை மாலை நான்கு மணிக்கு அக்கணினியில் ஓடும் சிறு நிரல் ஒன்று திரட்டி, காப்பு வட்டில் சேர்க்கும். சேர்த்த கோப்புகளின் பெயரையும் அளவையும் திரையில் வரிசையாகக் காட்டும். பார்த்தவர் ‘சரி’ என்று அழுத்தினால், ஸ்கேன் அறைகளில் இருக்கும் மூலப்படங்கள் அழிந்துவிடும். அந்த அளவு காட்டப்பட்ட விதம்தான் கொடுமை. பைட் கணக்கில் 452565402 என்று ஒன்பது இலக்கம். நடுவில் ஒரு காற்புள்ளிகூட இல்லை. இப்படி இருநூறு வரிகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஓர் இலக்கம் குறைந்தது தெரியாது.

ஒருநாள் தெரியாமலே போயிற்று. அக்கா விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் அமர்ந்த மருந்துக்கிடங்கு எழுத்தர், பாதியில் அறுந்துபோன கோப்பைக் கவனிக்காமல் அழுத்திவிட்டார். இடுப்பெலும்பு முறிந்த லாரி ஓட்டுநர் ஒருவரை மறுநாள் மறுபடியும் ஸ்கேன் மேசையில் கிடத்த வேண்டியதாயிற்று. அவர் அலறியது பதிவறைவரை கேட்டது. எழுத்தர் உடைந்துபோய் அழுதார். அக்கா அவரை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. மூன்று மதிய இடைவேளைகளில் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அந்த நிரலில் பதினொரு வரிகளைச் சேர்த்தார்.

வேறொன்றுமில்லை. எண்ணை ஆயிரத்து இருபத்து நான்கால் வகுத்துக்கொண்டே போய், பைட்டைக் கேபியாக்கி, கேபியை எம்பியாக்கி, மனிதக் கண்ணுக்குப் பிடிபடும் இடத்தில் நிறுத்தினார். ஒன்பது இலக்கப் பூதம் ‘431.6 எம்பி’ என்று அடங்கி உட்கார்ந்தது. பழைய எண்ணும் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை, மாற்றவுமில்லை.

இதற்குப் பரிசாக, அப்போது புதிதாக வந்திருந்த நிர்வாக அதிகாரி மெமோ கொடுத்தார்! அனுமதியின்றி நிரலைத் திருத்தினாராம். தசமத்தில் சுருக்கி உண்மை அளவை மறைத்தாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கண்ணெதிரே கிடந்த பூசணிக்காயைப் பார்க்க மறுத்தவரை அன்றுதான் கண்டோம்.

“சார், முழு எண்ணும் பக்கத்துலயே இருக்கு. கொஞ்சம் பாருங்க” என்றார் அக்கா.

“எண்ணு எண்ணாத்தான் இருக்கணும். அந்த வரியை எல்லாம் அழிங்க” என்றார் அதிகாரி.

அழித்தார். ஆனால் ஓயவில்லை. அன்று முதல் நான்காண்டுகள், நாள்தோறும் அந்த இருநூறு எண்களையும் அச்செடுத்து, கால்குலேட்டரில் ஒவ்வொன்றாக வகுத்து, பென்சிலால் எம்பி கணக்கை ஓரத்தில் எழுதினார். கணினி கண் இமைக்கும் நேரத்தில் செய்யும் வேலைக்கு ஒரு மனுஷியின் விரல்கள் தேய்ந்தன.

அந்தப் பென்சில்தான் சென்ற ஆண்டு ஒரு குழந்தையைக் காத்தது. மூளையில் கட்டியோடு வந்த ஆறு வயதுப் பிள்ளை. மறுநாள் காலையில் அறுவை. அவள் படம் 45298112 என்று வந்திருந்தது. வகுத்துப் பார்த்தால், நானூறு எம்பிக்கு மேல் இருக்க வேண்டிய படம் வெறும் 43.2 எம்பி. பத்தில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்திருந்தது. அக்கா ‘சரி’ அழுத்த மறுத்தார். ஸ்கேன் கணினியில் இடம் நிரம்பி வேலை நின்றது. அதிகாரி தொலைபேசியில் கத்தினார். உடனே அழுத்தச் சொன்னார்.

“எழுத்துல கொடுங்க சார், அழுத்துறேன்” என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல்.

எழுத்து வரவில்லை. மூலப்படத்தை ஸ்கேன் தொழில்நுட்பர் மறுபடி அனுப்பி, முழுதாக வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அக்கா நாற்காலியைவிட்டு எழவில்லை. காலையில் அறுவை மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கத்தியை வைத்தார். பிள்ளை பிழைத்தாள், இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

அந்த மாத அறிக்கையில் அதிகாரி எழுதியது ‘நமது சீரிய பதிவு முறை’ என்று. அக்காவின் பெயர் இல்லை. மெமோவும் நீக்கப்படவில்லை, இன்றும் பணிப்பதிவேட்டில் கிடக்கிறது.

அதிகாரியைமட்டும் குறை சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ள மாட்டோம். மெமோ வந்த நாளில் எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்களுக்காக முதலில் பேசியிருக்க வேண்டிய அந்த மருந்துக்கிடங்கு எழுத்தரும் திறக்கவில்லை. அவர்தான் இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா, மன்னித்தேன் என்று தாங்கள் சொல்ல வேண்டாம். தங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டோம். அதே நிரல் ஓடும் எங்கள் பிரிவுகளின் பதினேழு கணினிகளிலும் இன்று காலை அந்தப் பதினொரு வரிகளை மறுபடி எழுதி ஏற்றிவிட்டோம். அனுமதி கேட்கவில்லை. மேடையில் வீற்றிருக்கும் அதிகாரி அவர்கள் மெமோ கொடுப்பதென்றால் எங்களுக்கு ஆளுக்கொன்றாக ஐம்பத்துமூன்று அடிக்க வேண்டும். விசாரணைக்கும் வருகிறோம். இம்முறை பேசுவோம்.

தாங்கள் இனிப் பசித்த வேளையில் உண்டு, வெளிச்சமுள்ள சன்னலருகே அமர்ந்து, நோயும் நோவும் நெருங்காமல், நூறைத் தாண்டி நிறைவாக வாழ்க!

காலம் தாழ்ந்து வாய் திறந்த,
மருத்துவமனைப் பணியாளர்கள் ஐம்பத்துமூவர்