தீவில் விழித்திருந்த சர்வர்

பக்கத்துக் கடையிலேயே பால் கிடைக்கும்போது யாரும் படகேறி அக்கரைக்குப் போய் வாங்குவதில்லை. கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். இன்னார் உள்ளே வரலாமா, கூடாதா என்று சொல்ல அவற்றுக்கு ஒரு சர்வர் வேண்டும். டொமைன் கண்ட்ரோலர் என்போம். எந்த முகவரி எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று ஓர் அட்டவணை உண்டு. கம்ப்யூட்டர் தன் வட்டாரத்தைத் தெரிந்துகொண்டு, அங்குள்ள சர்வரின் கதவைத் தட்டும். எங்கள் நகராட்சியில் அந்த அட்டவணை என் பொறுப்பு. மனசுக்குப் பிடித்த வேலை.

லிங்ஹோல்மன் தீவு மருத்துவமனைக்கென்று தனியாக ஒரு சர்வர் வைத்தது நான்தான். பெருங்காற்று அடித்தால் கரையோடு உள்ள ரேடியோ இணைப்பு அறுந்துபோகும். அப்போது தீவு தன் காலில் நிற்க வேண்டும். படகுக்காரர் ஓட்வார்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நனையக் கூடாதென்று தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்துகொண்டு வந்தார்.

“யூஸ்டைன், உன் பெட்டி ஒரு தடவைகூட வாந்தி எடுக்கல. நீதான்டா படகு பூரா எடுத்து வச்சிருக்க” என்றார். நர்ஸ் தூருன் எங்களுக்கு வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸ் வைத்துக் கொடுத்தாள். நல்ல மனிதர்கள். எனக்கு அவர்கள்மீது எந்தக் கோபமும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டி பழையதாகிவிட்டது. புதிதாக இரண்டு வேண்டுமென்று என் மேலதிகாரி விபெகெயிடம் வருஷா வருஷம் கேட்டேன்.

“ஓடிட்டுதானே இருக்கு? படுத்தா அப்ப பாத்துக்கலாம், போ” என்றாள்.

படுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியவைப்பது என் கடமை. சர்வரை அணைத்து வைத்தால் யார் அணைத்தது என்று தெரிந்துவிடும். அதனால் அட்டவணையில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். தீவின் முகவரிகளைக் கரை வட்டாரத்தின் பெயரில் எழுதினேன். அன்றிலிருந்து தீவின் கம்ப்யூட்டர்கள் அடுத்த அறையில் இருந்த சர்வரை விட்டுவிட்டு, கடல் தாண்டிப் போய்க் கரைச் சர்வரைத் தட்டின. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று. தீவு மாதிரிக் கடைக்கோடி இடத்துச் சர்வரின் பெயரை நாங்கள் பொதுப் பட்டியலில் போடுவதில்லை. போட்டால் ஊரிலுள்ள கம்ப்யூட்டரெல்லாம் அங்கே போய் நிற்கும். அதன் பெயர் அதன் வட்டாரப் பட்டியலில் மட்டும் இருக்கும். எனவே வட்டாரம் தப்பாகிப்போன கம்ப்யூட்டருக்கு, இணைப்பு அறுந்த பிறகும் அந்தச் சர்வர் கண்ணில் படாது. இதையும் நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். பிறகு காற்றுக்காகக் காத்திருந்தேன். நம் கடற்கரையில் அதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

காற்று வந்தது. இணைப்பு போனது. மதியம் தூருன் சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள். படகுகளை இழுத்துக் கட்டும்போது ஓட்வாருக்குத் தலையில் அடி. வலிப்பு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தும் ஊசிமருந்து பூட்டிய அலமாரியில் இருந்தது. அட்டையைக் காட்டினால், யாரென்று சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் அலமாரி திறக்கும்.

“தெறக்க மாட்டேங்குது யூஸ்டைன். காத்து அடங்காம ஹெலிகாப்டர் வராதாம். கோடாலி இருக்கு, ஒடச்சிரட்டுமா?”

“வேண்டாம் தூருன். ஒடச்சா உள்ள இருக்கிற மருந்து பாட்டிலெல்லாம் நொறுங்கிடும். கொஞ்சம் பொறு, லைன் இப்ப வந்துரும்.”

“நீ சொன்னா சரி. ஆனா சீக்கிரம்ப்பா, அவர் மூஞ்சி நீலமாகுது.”

அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். நானும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பேசினேன். ஒருமுறைகூடக் குரல் உயர்த்தவில்லை. கடைசியாகக் கூப்பிட்டபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

காற்று அடங்கியதும் அந்த வரியைப் பழையபடி மாற்றினேன். பழைய பெட்டி படுத்துவிட்டது என்று விபெகெயிடம் சொன்னேன். முகம் வெளிறிப்போனாள். மறுபேச்சில்லாமல் புதுப் பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

உங்கள் போலீஸ் ஆட்கள் பழைய பெட்டியைத் திறந்து பார்த்தார்களாமே. காற்று அடித்த நேரம் முழுக்க அது விழித்துக்கொண்டுதான் இருந்தது, யாரும் வந்து தட்டவில்லை, அவ்வளவுதான் என்றீர்கள். உண்மைதான். அதில் ஒரு கோளாறும் இல்லை. நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பெட்டி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலமாரியின் சின்னத் திரையில் அந்தச் சர்வரின் முகவரியைத் தட்டியிருந்தால் பூட்டு உடனே திறந்திருக்கும். முகவரி எனக்கு மனப்பாடம். தூருன் பேசிய நேரமெல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் ஓட்வார் பிழைத்திருப்பார். விபெகெயும், ‘போன்லயே சரியாயிடுச்சே, புதுசு எதுக்கு?’ என்றிருப்பாள்.

மறுபடியும் இப்படிச் செய்வாயா என்று கேட்கிறீர்கள். அதற்கு அவசியமே இல்லை. இப்போது தீவில் இரண்டு சர்வர் இருக்கிறது.